எல்லைக்கல் வரைக்கும்

ஞாயிறு, 19 ஆகஸ்ட் 2007

மலையேறுபவர்களின் இணைய மன்றத்தில் மூன்று மாதம் தேடி நானே வகுத்த மலைப்பாதை. ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். பக்கத்து அறை ரூபன் அண்ணையை நச்சரித்துத்தான் கூட்டிப்போனேன். உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஆஸ்திரியா தொடங்கும் எல்லைக்கல் வந்தது. அண்ணை நின்றுவிட்டார்.

"டேய், அங்கால ஒஸ்ரியாவே?"

"ஓம் அண்ணை. ஆர் பாக்கப்போகினம்? மாடுதான் நிக்குது."

"மாட்டுக்கு விசா தேவையில்லையடா. எனக்குக் கேஸ் முடியேல்லை. நீ போட்டு வா."

வரைபடத்தில் அந்தக் கோட்டை நூறு தரம் பார்த்திருப்பேன். என்னைப் போலில்லாமல், அகதி வழக்கு முடியும்வரை அவர் ஜெர்மனியை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. அதைவிடக் கேவலம், நான் போனேன். படமும் எடுத்தேன்.

திரும்பி வந்தபோது ரொட்டிப் பொதியைப் பிரிக்காமல் கல்லடியில் காத்திருந்தார்.

"மேல வடிவா இருந்ததோ?"

"ஒரே முகில் அண்ணை. ஒண்டும் தெரியேல்லை."

வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. அவரும் அதன் கீழேதான் இருந்தார். தலையை ஆட்டிவிட்டு ரொட்டிப் பொதியைப் பிரித்தார்.

இப்போது மன்றத்தில் எழுத உட்கார்ந்து, "சுலபமான பாதை, யாரும் போகலாம்" என்று தட்டினேன். அழித்துவிட்டேன்.