இடப்பக்கம் விழாத எரிநட்சத்திரங்கள்

ஜூலை 29, செவ்வாய்

ஆடிக்காற்று. மேகம் மூன்று மணிக்குத்தான் விலகியது. ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டை மாடி, 3 முதல் 4.30 வரை.

இந்த வாரம் வானத்தில் மூன்று எரிநட்சத்திரக் கூட்டம் ஒன்றாக. ஒவ்வொன்றும் போன கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். கும்ப ராசியில் போய் முட்டினால் கு. மகரத்தில் முட்டினால் ம.; அது சோம்பேறி, மஞ்சளாக நிதானமாகப் போகும். வடகிழக்கிலிருந்து சர்ரென்று கீறிக்கொண்டு வந்தால் பெ., பெர்சியஸ் கூட்டம். எதிலும் சேராதது சி., சில்லறை.

கு. 3, ம. 3, பெ. 1, சி. 2. ஆக 9.

அதே நேரம் முசிறியில் தன் வாழைத்தோட்டத்தில் படுத்துப் பார்த்த கருணாகரனுக்கு 24. கூடப் படித்தவன். வருஷா வருஷம் காலையில் போனில் ஒப்பிடுவோம். அங்கே இருட்டு அதிகம், சரி. அதற்காக இவ்வளவா? கண்டதையெல்லாம் கும்பத்தில் போடுகிறாய் என்று கத்திவிட்டு வைத்தேன்.

பயம். எழுதியே வைக்கிறேன். கண்தான் கோளாறோ? கண் போனால் அரியமங்கலம் பட்டறையில் லேத் முன்னால் எனக்கு என்ன வேலை?

வாங்க: கொசுவர்த்தி, டார்ச்சுக்கு செல், சுமதிக்குத் தைலம்.

ஜூலை 30, புதன்

மேகம். பார்க்கவில்லை. நேற்று வரைந்த வானப் படத்தாளை எடுத்தேன். பார்த்த ஒவ்வொன்றையும் அம்புக்குறியாகப் போட்டிருக்கிறேன். மேற்குப் பாதி சுத்தமாகக் காலி. மேற்கே தெருமுனையில் புது விளக்கு! அந்தச் சனியன்தான். கண் இல்லை, விளக்கு.

அப்பாடா. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். நான் என்ன தப்பு செய்துவிட்டு வந்தேன் என்பதுபோல் சுமதி பார்த்தாள்.

ஜூலை 31, வியாழன்

நேற்று ராத்திரியே பஸ்ஸில் முசிறி. சுமதியும் வந்தாள். விளக்கில்லாத இடத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் தீர்ந்தது.

வீட்டில் பாய் போடுவது அவள். தலை எப்போதும் தெற்கே. இங்கே கருணா தார்ப்பாயை மாற்றி விரித்திருந்தான், கும்பம் தெற்கில் இருப்பதால் கால் அந்தப் பக்கம். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று சுமதி ஆரம்பித்தாள். தூங்கவா வந்திருக்கிறேன் என்றேன். "படுத்துத்தானே இருக்கீங்க?" பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்துப் பக்கத்தில் படுத்தும் கருணா 26, நான் 11. மூன்று தடவை சுமதி "அதோ" என்றாள். ராசி தெரியாதவள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கருணா கிண்டல் செய்திருந்தால் தேவலை.

பகலெல்லாம் தோட்டத்தில் சும்மா நடந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை பஸ். மடியில் இரண்டு தாள்.

செவ்வாய்க்கிழமை மேற்கு காலி. நேற்றையதில் மேற்கு நிறைய இருக்கிறது, கிழக்கு காலி. வாழைக்கு நடுவே தெருவிளக்கு ஏது? வானத்தில் கோளாறு என்றால் ஓட்டை அங்கேயே இருக்க வேண்டும். நான் திரும்பிப் படுத்தேன், அதுவும் கூடவே திரும்பியிருக்கிறது. இரண்டு நாளும் என் இடது கைப்பக்கம்.

தாள்களைச் சுமதியிடம் கொடுத்து விளக்கினேன். குணசீலம் தாண்டும்வரை இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லுங்க. கண் ஆஸ்பத்திரி போறோம்."

கருணாவுக்குப் போன் செய்து, உன் கணக்குதான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆஸ்பத்திரி. டோக்கன் 31. வெயில் காலையிலேயே.

இடது கண்ணில் அழுத்தம் அதிகமாம். பக்கப் பார்வை டெஸ்ட். இருட்டறை, வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷின், தாடையை வைத்துக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும்.

முதலில் வலது கண். பட் பட்டென்று அமுக்கினேன். பரவாயில்லையே என்று இருந்தது.

பிறகு வலதை மூடி, இடது. நாலைந்து தெரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. விரல் பட்டனிலேயே. மெஷின் சத்தம் மட்டும். காத்திருந்து காத்திருந்து, நிறுத்திவிட்டாயா அம்மா என்று மெஷினை இயக்கும் பெண்ணைக் கேட்டேன்.

"இல்லைங்க சார். வந்துகிட்டேதான் இருக்கு."