இரண்டு கன்னத்திலும் மச்சம்

ஜூன் 4

அன்புள்ள பின்சீட்டுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதையாவது நம்பு. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? ஆனால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. குறுக்கே யாரும் பேசுவதில்லை.

ஒரு சேதி. சிரிக்காதே. நான் கம்ப்யூட்டரில் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நம் காரில் ஓட்டப் பழகும் பல் டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். உன்னை வேலையிலிருந்து அழைத்து வந்த ஒரு நாள், குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ச் சாத்தினாரே, அவர்தான். மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்றும் மனுஷி அசரவில்லை. அவருடைய கிளினிக்கில் பல் அச்சடிக்கிற ஒரு மெஷின் இருக்கிறது. ஒருநாள் காத்திருந்த நேரத்தில் அதன் திரையைக் காட்டினார். ஒரு கடைவாய்ப்பல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. “இது களிமண்ணு மாதிரிதான் மாஸ்டர். இழுத்தா வரும், அமுக்குனா போகும். தப்பாப் போச்சுன்னா ஒரு பட்டன், பழையபடி ஆயிடும்” என்றார்.

அந்தப் பட்டன்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தப்பே நடக்கக் கூடாது என்று காலம் பூராவும் ஓட்டப் பழகுபவர்களுக்குப் பக்கத்தில், இரண்டாவது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். இங்கே தப்புச் செய்யலாம். முதலில் ஒரு கார் செய்தேன், ரொட்டி மாதிரி வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வெண்ணெய் எங்கே என்று கேட்டார்.

உன் தையல் மெஷினை நகர்த்திவிட்டு அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறேன். நீ வந்தால் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
மாஸ்டர்

ஜூன் 12

மாஸ்டர் அவர்களுக்கு,

பின்சீட் எழுதிக்கொள்வது. சிரிக்காதே என்று எழுதினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். நல்ல சிரிப்புத்தான், கேலி இல்லை. தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடினீர்களா இல்லையா? இல்லை என்று எனக்குத் தெரியும். மூடுங்கள்.

முதலில் பென்சிலில் வரைந்து பழகுங்கள். கையால் வராதது கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி வரும்? வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். ரொட்டியானாலும் பரவாயில்லை.

இங்கே நன்றாக இருக்கிறேன். அறையிலிருந்து கடைக்கு நடந்தே போகிறேன். வழியில் ஒரு சலூன், ஒரு சாவிக் கடை, ஜன்னலில் எப்போதும் ஒரே பூனை. எந்தக் கத்துக்குட்டியும் என்னைத் தூக்கித் தூக்கிப் போடாமல் வேலைக்குப் போவது எவ்வளவு சுகம் தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து நான் போன வண்டியை ஓட்டத் தெரிந்த ஒருவர் ஓட்டியதே இல்லை. உங்கள் மாணவர்கள் என்னைப் பின்சீட் மேடம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் நீங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் இந்தக் கிளையை நிரந்தரமாக நடத்தப்போகிறார்களாம். நானும் இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா என்று மேனேஜர் கேட்கிறார். ஆகஸ்ட் பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். கண் பரிசோதனை, கண்ணாடி பொருத்துவது எல்லாம் என் பொறுப்பாகிவிடும். எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் இதற்குச் சரி என்றால் நீங்கள் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிடும். என்ன சொல்லட்டும்? சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பின்சீட்

ஜூன் 25

அன்புள்ள பின்சீட்டுக்கு,

இதோடு ஒரு டப்பா வருகிறது. கவனமாகத் திற. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள்ளே நீ.

பென்சிலில் வரைந்தேன், கம்ப்யூட்டரில் செய்தேன், டாக்டரம்மா மெஷினில் அச்சடித்துக் கொடுத்தார். கட்டைவிரல் உயரம்தான். நம் காரின் பின்சீட்டில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நீ உட்காருவாயே, அப்படி. வந்தபோது பல் நிறத்தில் இருந்தாய். அதன்மேல் முதலில் சாம்பல் நிறப் பூச்சு பூச வேண்டும், அப்போதுதான் பெயின்ட் பிடிக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசிவிட்டேன். முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. கழுவிவிட்டு மறுபடி பூசினேன். தண்ணீர் கலந்து, மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று. கண் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கண் வைத்தாயிற்று, இன்னொன்று வைக்கும் நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. அதனால்தான் நீ கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

போட்டோ எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. உன் முகம் எனக்கு அவ்வளவு பாடம்.

வேலை விஷயம்: உன் விருப்பம். எனக்கு ஒன்றும் இல்லை.

மாஸ்டர்

ஜூலை 3

மாஸ்டர் அவர்களுக்கு,

டப்பா வந்தது. பஞ்சைப் பிரித்து, வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கைப்பையின் கிழிந்த வாரைக்கூட விடவில்லை நீங்கள். செருப்பின் பட்டை, புடவை மடிப்பு எல்லாம் சரி. இவ்வளவு பொறுமை உங்களுக்குள் எங்கே ஒளிந்திருந்தது?

ஆனால் ஐயா, எனக்கு இரண்டு கன்னத்திலும் மச்சமா? ஒன்றே அதிகம் என்று எங்கள் அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்து இன்னொன்று போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கடைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிலும் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவில்! நான் தினமும் முகங்களை அளந்து பிழைப்பவள். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. மூக்கு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்து வளைத்துக் கொடுத்தால்தான் கண்ணாடி முகத்தில் நிற்கும். நீங்கள் செய்த பொம்மையின் முகம் கச்சிதம். அதனாலேயே அது நான் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “உன் விருப்பம், எனக்கு ஒன்றும் இல்லை.” இதைப் படித்ததும் பொம்மையை மறுபடி பஞ்சிலேயே வைத்து மூடிவிட்டேன். என் விருப்பம் எனக்குத் தெரியும். உங்கள் விருப்பம் என்ன என்றுதான் கேட்டேன். நான் எதைக் கேட்டாலும் உங்கள் கால் போய்ப் பிரேக்கில் நிற்கிறது. அந்த ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

தலையில் மாட்டிக்கொள்கிற பூதக்கண்ணாடி ஒன்று அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவை அதைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: என் மச்சம் எந்தக் கன்னத்தில்? போட்டோ பார்க்காமல் சொல்லுங்கள்.

பின்சீட்

ஜூலை 11

அன்புள்ள பின்சீட்டுக்கு,

குற்றவாளி நான் இல்லை, ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் தானாகவே வந்துவிடுகிற மாதிரி அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு காது செய்தால் போதும், இன்னொரு காது இலவசம். அதை அணைக்காமல் மச்சம் வைத்திருக்கிறேன். டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “நல்லவேளை மாஸ்டர், நீங்க பல் கட்டலை” என்றார்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, முகத்தை முதலிலிருந்து செய்தேன். நீ சொன்னது சரிதான். ஒரு புருவத்தை ஒரு இழை மேலே தூக்கினேன், உடனே நீ கோபப்பட்டாய். அவ்வளவுதான் வித்தியாசம். மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பூதக்கண்ணாடி பிரமாதம். இது இல்லாமல் எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மச்சம் வலது கன்னத்தில். அடித்துச் சொல்வேன். ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறேன், பார்.

மற்ற விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதத்தான் வரவில்லை.

மாஸ்டர்

ஜூலை 17

மாஸ்டர் அவர்களுக்கு,

இடது.

படம் நன்றாக இருக்கிறது. இது நான்தான், யார் பார்த்தாலும் சொல்வார்கள். மச்சம் மட்டும் பக்கம் மாறியிருக்கிறது. முதலில் கோபம் வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இதுகூடத் தெரியாதா என்று, படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் தெரிந்த முகமும் படத்தில் இருந்த முகமும் ஒன்றாக இருந்தன. அச்சு அசலாக. மச்சம்கூட அதே பக்கம்.

அப்போதுதான் புரிந்தது. நீங்கள் தப்பாக நினைவு வைத்திருக்கவில்லை. பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறீர்கள். காரில் உங்களுக்கென்று ஒட்டி வைத்திருக்கிறீர்களே ஒரு குட்டிக் கண்ணாடி, அதில் பார்த்த முகம் அது. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். வீட்டில் பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். வீட்டில் நான் அடுப்பைப் பார்த்து நின்றேன், நீங்கள் டிவியைப் பார்த்து உட்கார்ந்தீர்கள்.

ஆக, என் முகம் உங்களுக்குப் பாடம்தான். ஆனால் நீங்கள் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அழுதேன். கோபத்தில் இல்லை. என்னவோ ஒன்று சரியில்லை, சரியில்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதை நீங்கள் படமாகவே வரைந்து அனுப்பிவிட்டீர்கள்.

மேனேஜரிடம் சரி என்று சொல்லப்போகிறேன். உங்களிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் அதுதான் முடிவு.

பின்சீட்

ஜூலை 24

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் எதிரில் அந்தக் குட்டிக் கண்ணாடி. பின்சீட் காலியாகத் தெரிந்தது. அதைத் திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை. எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான், சொல்லிக்கொடுப்பவன் பின்னால் திரும்பக் கூடாது. எல்லாவற்றையும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கத்துக்குட்டிகளுக்குக் கத்திக் கத்தி எனக்கே அது ஊறிவிட்டது.

இந்தத் தடவை பெரிய டப்பா. உள்ளே கூரை இல்லாத நம் கார். இப்போது ரொட்டி மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். பின்சீட்டில் நீ, இடது கன்னத்தில் ஒரே ஒரு மச்சம். அதற்குத் தூரிகையில் ஒரு மயிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டேன். முன்னால் நான். கம்ப்யூட்டரில் என் கழுத்தைத் திருப்பத்தான் பெரும் பாடாகிவிட்டது. திருப்பினால் தோல் பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டது. பழையபடி ஆக்குகிற பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலிக்கிறது. கடைசியில் தோளையும் சேர்த்துத் திருப்பினேன், சரியாக வந்தது. தலையை மட்டும் திருப்பினால் போதாது போலிருக்கிறது.

மேனேஜரிடம் சரி என்று சொல். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். உனக்கு ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அந்த ஒரு வரி போதும். என் விருப்பம் என்ன என்று கேட்டாய் அல்லவா? உன்னோடு இருக்க வேண்டும். அதுதான் விருப்பம், வேறொன்றும் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நான் அங்கே வரட்டுமா? வராதே என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், இங்கே உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பேன்.

என் பொம்மைக்கு முகம் தீட்டவில்லை, சாம்பல் பூச்சோடு விட்டிருக்கிறேன். நீ தீட்ட வேண்டும். பெயின்ட்டும் ஒரு தூரிகையும் வைத்திருக்கிறேன். தண்ணீர் கலந்து, மெல்லிசாக.

டாக்டரம்மா டெஸ்ட்டில் தேறிவிட்டார். எனக்கு என்னவோ அதில் ஒரு நம்பிக்கை.

மாஸ்டர்

ஜூலை 30

என் மாஸ்டருக்கு,

காரை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அறைக்குள் எங்கே நின்றாலும் நீங்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். நேற்று உடை மாற்றும்போது வெட்கமாகப் போய்விட்டது, துண்டைப் போட்டு மூடினேன்.

மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் முகத்தைத் தீட்ட உட்கார்ந்தேன். கடையிலிருந்து இன்னொரு பூதக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, பெயின்ட்டைக் கலந்து, மூச்சை அடக்கி, எல்லாம் சரி. புருவத்துக்குப் போனதும் கை நின்றுவிட்டது. உங்களுக்கு எந்தப் புருவம் உயரம்? மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? ஊரில் உள்ளவர்கள் முகத்தையெல்லாம் அளந்தவளுக்கு உங்கள் முகத்தில் ஒரு அளவும் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் உங்கள் பிடரியைத்தான். வேண்டுமானால் பிடரியைக் கண்ணை மூடிக்கொண்டு தீட்டிக் கொடுப்பேன், அங்கே இருக்கிற தழும்போடு. உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்?

அதனால் உங்கள் பொம்மை இன்னும் சாம்பல் முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறது. ஆளைப் பார்க்காமல் என்னால் தீட்ட முடியாது.

வாருங்கள். காரில் வேண்டாம், ரயிலில் வாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர், தூரிகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தையல் மெஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், துணி மட்டும் போட்டு மூடிவிட்டு வாருங்கள். என் அறையில் இதுவரை ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்று இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர் அதைப் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எதிர்சீட்