காலண்டரில் இருந்த ஊர்

அரியலூர்
9.9.2024

என் அருமை மருமகள் பூங்குழலிக்கு,

அரியலூர் சீமையின் முடிசூடா மன்னனும், சிமெண்ட் ஆலை எடைமேடையில் முப்பத்தோரு வருடம் லாரிகளையும் லாரி டிரைவர்களின் பொய்களையும் எடை போட்டு ஓய்வு பெற்றவனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய இளையபெருமாள் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் சிந்தாமணி அத்தையும் நலம். அதாவது அவள் நலம். நான் அவள் சமையலைச் சாப்பிட்டும் உயிரோடிருக்கிறேன்.

உனக்கு போன் போட்டால் உன் மாமியார் கொளஞ்சியம்மாள், "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் சம்பந்தி பேசறதக் கேட்டுக்கறேன்" என்கிறார். கேட்கட்டும். நான் மூச்சு வாங்குகிற இடத்தில்கூட "ம்" கொட்டினால் எப்படி? அதனால்தான் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்குக் கடிதம். தபால் தலை கேட்டதும் போஸ்டாபீஸ் அம்மா எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். இந்த நூற்றாண்டில் நான்தான் முதல் ஆளாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் தமிழழகன் மாப்பிள்ளையும் டிசம்பரில் வியன்னா போகிறீர்களாமே! ஏலாக்குறிச்சி கோயிலுக்குப் போகவே என்னிடம் பஸ் நேரம் கேட்கிறவள், சீமைக்குப் போவதை அம்மாவிடம் மட்டும் சொல்வாயா? அங்கே மார்கழியில் தீக்குச்சிக்கே ஸ்வெட்டர் போட்டுத்தான் உரசுவார்கள். சூரியன் எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். நம்ம தாலுக்கா ஆபீஸேதான். மாப்பிள்ளை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உனக்கு இருபதடி முன்னால் நடக்கிற ஆள். அந்தக் குளிரில் பக்கத்தில் வந்துதான் ஆகவேண்டும். கையை விட்டுவிடாதே.

இன்னொன்று. போகும்போது இரண்டு பேர், வரும்போது மூன்று பேர். இது தாய்மாமன் உத்தரவு!

உன் அன்பு மாமன்,
இளையபெருமாள்

---

பெரம்பலூர்
16.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். போஸ்டாபீஸ் அம்மா கும்பிட்ட இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் பீரோவில் எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மூன்று பேராக வரமாட்டோம் மாமா. எப்போதுமே.

அம்மாவுக்குக்கூடத் தெரியாததை உங்களுக்கு எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும். நாலு வருடமாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோமே, ஜூலையில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். குறை அவரிடம். மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. என்னிடம் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டில் தனியாகவே எழுதியிருக்கிறது. அதை அவர் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

வீட்டில் மாமியார் என்னைத்தான் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை. திறக்காதே என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு காலண்டர். வருடம் முடிந்தும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். பெரிய மைதானம், முழுக்கப் பனி, பின்னால் கோபுரம் வைத்த கட்டடம், முன்னால் தொப்பி போட்ட இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு. கீழே வியன்னா என்று போட்டிருக்கும். நாலு வருடம் அதைத்தான் பார்த்தோம். முடிவு சொன்ன அன்றைக்கு அவர் அதையே பார்த்துக்கொண்டு, "அங்க போயிடலாமா பூங்குழலி? நாம ரெண்டு பேரு மட்டும்" என்றார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவராக என்னிடம் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

ஏழு நாள் மாமா. "விசேஷம் உண்டா" என்று யாரும் கேட்காத ஊரில் ஏழு நாள். அங்கே ரெண்டு பேராக இருந்து பழகிவிட்டால் மிச்சக் காலமும் இருந்துவிடலாம் என்கிறார். நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சிந்தாமணி அத்தைக்கும் வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகள்,
பூங்குழலி

---

அரியலூர்
20.9.2024

என் தங்கத்துக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு கொல்லையில் வைத்துக் கொளுத்தினேன். சாம்பலை மூன்று தென்னைக்குப் பிரித்துப் போட்டேன், ஒரே மரம் முழு விஷயத்தையும் தெரிந்துகொள்ளக் கூடாது பார்.

மூன்று பேர் என்று எழுதிய கையை உன் அத்தையிடம் கொடுத்து அம்மியில் வைக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஏன் என்று கேட்பாளே, அதனால் விட்டுவிட்டேன்.

நீ பயப்படாதே. ரகசியத்தை வைக்க இந்த மாமனைவிடப் பத்திரமான இடம் இந்த ஜில்லாவில் கிடையாது. நான் உளறினாலும் எவன் நம்புவான்? கொள்ளிடத்து முதலையைக் காதைப் பிடித்துக் கரையேற்றினேன் என்று நாற்பது வருடமாகச் சொல்கிறேன், முதலைக்குக் காது ஏது என்கிறார்கள். இந்த ஊரே ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம், டைனோசர் முட்டைகூடக் கிடைத்ததாம், அதை நம்புகிற ஜனம் என்னை நம்பாது.

வியன்னா வேலையைப் பார்ப்போம். உன் அத்தை உனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். கை மட்டும் ஆறடி வந்துவிட்டது. அங்கே தெருவோரத்தில் ஏதோ கொட்டையைச் சுட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களாம். ஜெயங்கொண்டத்து முந்திரிக்கு முன்னால் நிற்காது, இருந்தாலும் வாங்கித் தின்னுங்கள். ஒரே பொட்டலம் வாங்கு. இரண்டு வாங்கினால் கை தனித்தனியாகப் போய்விடும்.

உன் மாமன்,
இளையபெருமாள்

---

பெரம்பலூர்
28.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

விசா வந்துவிட்டது! டிசம்பர் இருபத்தொன்று கிளம்புகிறோம். காலண்டரில் இருந்த அந்த மைதானத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அறை. அவர் ஒரே மாதிரி இரண்டு கம்பளித் தொப்பி வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போட்டுப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஐந்தடி இருக்கும்.

இப்போது ஒரு வேண்டுகோள். நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் அம்பிகாவுக்கு வளைகாப்பு. பெரம்பலூரில் மண்டபம். உங்களுக்கும் பத்திரிகை வரும். வாருங்கள், சாப்பிடுங்கள், முதலைக் கதை சொல்லுங்கள். மாமியார் என்னை ஏதாவது சொன்னால் மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். எனக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு ஆறே வாரம்தான்.

உங்கள் அன்பு மருமகள்,
பூங்குழலி

---

அரியலூர்
12.11.2024

பூங்குழலிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. உன் மாமியார் எடுத்தார், ஆனால் இந்த முறை "ம்" கொட்டவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல். மூன்றாவது வரிசையில் வாய் நிறைய லட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்த லட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நீ சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்பிகாவிடம் போகிறாய். உன் மாமியார் முந்நூறு பேர் முன்னால் உன் கையைத் தட்டிவிட்டு, "நீ தள்ளி நில்லும்மா. வளையலத் தொடாத. நல்லது நடக்கற எடம்" என்றார். கிண்ணம் உருண்டது. நீ குனிந்து தரையைத் துடைக்கிறாய். மாப்பிள்ளை போட்டோகிராபர் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனைப் பார்க்கிறார்.

பாட்டுக்காரர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதை எடுத்தேன், அவ்வளவுதான். "எங்க அக்கா மவகிட்ட ஒரு கொறையும் கெடையாது. கொறை ஒங்க மவங்கிட்ட. பீரோவத் தெறந்து ரிப்போர்ட்டப் பாருங்க" என்றேன். மூன்றே வாக்கியம். என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

அநியாயத்தைக் கேள். நாற்பது வருடமாக நான் சொன்ன எதையும் நம்பாத ஜனம், இதை மட்டும் ஒரே மூச்சில் நம்பிவிட்டது! ஒருத்தராவது "இளையபெருமாளு கத உடறான்" என்று சிரிப்பார்கள் என்று பார்த்தேன். பந்தியில் அப்பளம் நொறுங்குவதுகூட நின்றுவிட்டது.

இனி உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒரு நாள் இதற்காக என்னைக் கும்பிடுவாய். ஸ்வெட்டர் முடிந்துவிட்டது.

மாமன்

---

பெரம்பலூர்
18.11.2024

மாமாவுக்கு,

ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது.

அவர் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. பாலிடெக்னிக் பையன்கள் வகுப்பில் போர்டில் எதையோ எழுதி வைத்திருக்கிறார்கள். என்னவென்று அவர் சொல்லவில்லை. ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் பேசினார். "ஒங்க மாமாகிட்ட நீதான சொன்ன?" ஆமாம் என்றேன். "அப்ப அவரையே எழுதிக் குடுக்கச் சொல்லு. சொன்னது பொய்யின்னு. எழுதிக் குடுத்தா வியன்னா போவலாம். இல்லன்னா நீ அரியலூருக்குப் போயிரு."

அதனால் எழுதிக் கொடுங்கள் மாமா. ஒரே வரி போதும். "கோபத்தில் நான் சொன்னது பொய், குறை பூங்குழலியிடம்தான்." கையெழுத்துப் போட்டு என் மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நாலு வருடமாக என் தலையில் இருந்ததுதான். அவர் இன்னும் தொப்பிகளைத் தூக்கிப் போடவில்லை, பெட்டியில்தான் இருக்கின்றன.

வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னீர்கள். எனக்காக ஒன்று சொல்லுங்கள்.

பூங்குழலி

---

அரியலூர்
23.11.2024

என் தங்கத்துக்கு,

வெற்றி! நேற்றுப் பெரம்பலூர் வந்து உன் மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீ ஆபீஸில் இருந்தாய்.

நீ சொன்ன ஒரு வரியைத்தான் முதலில் எழுதினேன். காகிதத்தில் அது நோஞ்சானாக நின்றது. மைக்கில் சொன்னதை நம்பிய ஊர் இந்த ஒற்றை வரியை நம்புமா? பொய்க்குச் சதை வேண்டும். முப்பத்தோரு வருடம் டிரைவர்களிடம் கற்ற பாடம் இது. அதனால் நாலு பக்கம் எழுதினேன். பதினேழு வயதிலேயே உன்னைக் கீழப்பழுவூர் வைத்தியரிடம் காட்டியது, அவர் உதட்டைப் பிதுக்கியது, உன் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது, இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று கல்யாணத்துக்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் தெரிந்தும் மறைத்துக் கட்டிக்கொடுத்தது. படிக்கும்போது எனக்கே கண்ணீர் வந்துவிட்டது! அப்படி ஒரு வைத்தியரே அந்த ஊரில் கிடையாது. உன் அத்தையையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன். அவள் மட்டும், "இது எதுக்குங்க இவ்வளவு?" என்று அழுதாள். அவளுக்கு இலக்கியம் தெரியாது.

உன் மாமியார் நிதானமாகப் படித்தார். நாலாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு எனக்குக் காபி கொடுத்தார், ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சர்க்கரை போட்டு. நான் இருக்கும்போதே ஜெராக்ஸ் எடுக்க ஆள் அனுப்பினார். பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான்.

போய் வாருங்கள். பனியை எனக்கு ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு வா.

வெற்றி வீரன்,
உன் மாமன்

---

வியன்னா
24.12.2024

மாமாவுக்கு,

காலண்டரில் இருந்த இடத்துக்குத்தான் தினமும் வருகிறேன். அதே மைதானம், அதே கோபுரம். பனி பெய்யவில்லை. தூறல். விமானத்தில் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாக வந்தது.

உங்களிடம் ஒரு வரி கேட்டிருந்தேன்.

நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மறைத்துச் செய்த கல்யாணம், செல்லாதாம். உங்கள் கையெழுத்தும் சிந்தாமணி அத்தையின் கையெழுத்தும் தெளிவாக விழுந்திருக்கின்றன. வாலிகண்டபுரம் பக்கம் அவருக்குப் பெண் பார்த்துவிட்டார்கள்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். "என்னங்க இது?" என்றேன். "ஒங்க மாமாவே எழுதிக் குடுத்திருக்காரே" என்றார். "ரிப்போர்ட்டு ஒங்க பீரோவுலதான இருக்கு?" என்றேன்.

"எந்த ரிப்போர்ட்டு?" என்றார்.

பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து உங்களைப் பார்த்து எனக்குத் தெரியும் மாமா. அது பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் நம்பிவிட்டார்.

சுட்ட கொட்டை விற்கிறார்கள். சின்னப் பொட்டலமே ஒரு ஆளுக்கு அதிகம். ஸ்வெட்டரின் கை நீளம்தான், மடித்துவிட்டுக்கொண்டேன், கதகதப்பாக இருக்கிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன், அந்த முகவரிக்கு எழுதாதீர்கள். வேறு முகவரி நான் தரவில்லை.

மூன்று நாள் முடிந்துவிட்டது. "விசேஷம் உண்டா" என்று இங்கே இதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

பூங்குழலி