கடைசித் தடுப்பில் நிற்கும் ஆடு

ஏப்ரல் 1, புதன்

இந்த வாரம் எழுத வேண்டியவை:

1. மூன்றாய்ப் பிறந்ததில் கடைக்குட்டி. தாய்க்குக் காம்பு இரண்டுதான். புட்டிப் பாலைத் துப்புகிறது.
2. தொழுவத்தின் கடைசித் தடுப்பில் நிற்கும் ஆடு. நேற்று அதற்குக் குட்டி செத்துப் பிறந்தது.
3. அது பிடிவாதக்காரி. வேறு குட்டியைச் சேர்க்காது.

நான் ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார்; மாளிகைப் பண்ணையில் சம்பளமில்லாத உதவியாள். என் கணிப்புக்கு என்ன மதிப்பு?

ஏப்ரல் 2

மேய்ப்பர் நெஸ்டா செத்த குட்டியின் தோலை உரித்துக் கையில் தந்தாள். "இத கடைக்குட்டிக்குச் சட்ட மாதிரி மாட்டி, உள்ள விடுங்க. மோந்து பாத்துத் தன் புள்ளைன்னு நெனச்சுக்குவா. மூஞ்சியச் சுளிக்காதீங்க வாத்தியாரே, லத்தீன விட நாத்தம் கம்மிதான்!"

மேல் வயலில் ஒரு ஆடு பிரசவத்தில் தவிக்கிறதென்று ஓடிவிட்டாள். நானே மாட்டினேன். தோலின் வால் பக்கம் ஒரே அசிங்கம். அதைக் கத்தரித்துவிட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஏப்ரல் 3

ஆடு குட்டியின் முதுகை மோந்து மெல்லக் கனைத்தது. குட்டி மடிக்குக் குனிந்ததும் அதன் பின்பக்கத்தை மோந்தது. சுவரோடு முட்டித் தள்ளியது. மறுபடியும், மறுபடியும்.

நெஸ்டா கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சரியான கல்நெஞ்சுக்காரி. திங்கக்கிழம சந்தைக்குப் போகட்டும்." ஆட்டின் முதுகில் சிவப்புக் கோடு போட்டாள்.

நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 4

குட்டி எழுந்திருக்கவில்லை. தோலோடு புதைத்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மாளிகை பார்க்க வந்த கூட்டம் முந்நூறு வருடச் சுவரை விட்டுவிட்டுக் குட்டிகளைத் தேடி வந்தது. வேலியோரம் நின்று நானும் பார்த்தேன். ஒரு குட்டி பால் குடிக்கிறது, தாய் கழுத்தை வளைத்து அதன் வாலடியை மோந்துகொண்டே நிற்கிறது. அடுத்த ஆடும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வாலடியை. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளை வண்டி வரும், ஆடு போய்விடும்.

மாலையில் சொன்னேன். நெஸ்டா கையிலிருந்த தேநீரைப் புல்லில் கொட்டினாள்.

"அதையா வெட்டுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, நெஸ்டா."

"நானாவது உள்ள போய்ப் பாத்திருக்கணும்." "திருவிழா நாள் வாத்தியாரே. நாளைக்குத் திட்டுறேன்."

சிவப்பின் மேல் பச்சை பூசினாள்.

ஏப்ரல் 6

வண்டி வந்து போயிற்று. ஆடு இங்கேதான் நிற்கிறது, மடி கட்டி, கத்திக்கொண்டு. கொடுக்க இப்போது குட்டி எதுவும் இல்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு. அது சேர்த்துக்கொள்ளத்தான் நின்றது.