கை கழுவிட்டு வாங்க சார்

ஜூலை 9, திங்கள்

மழை. நேற்றும் மழை.

பொதுமக்கள் கவனத்துக்கு: ஆரியசாலை வெல்லக்கடையின் ஒரே ஆண் வாரிசு திருவாளர் முத்து அவர்கள், இன்று மாலை சொந்தக் கையால் சொந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள். காலர் லேசாகக் கருகியது. உயிர்ச்சேதம் இல்லை. சட்டை மட்டும் கவலைக்கிடம்.

காரணம், நாளைக்கு பல் டாக்டர் காலேஜில் இன்டர்வியூ. போன வருஷம் என்ட்ரன்ஸில் கோட்டை விட்டாச்சு. இந்த வருஷம் ரேங்க் ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்குது. இன்டர்வியூ நல்லா போனா சீட். இல்லேன்னா வெல்ல மூட்டை. மூணாவது தடவை பிசிக்ஸ் படிக்க உடம்புல தெம்பு கிடையாது.

அக்கா ஒத்திகை பார்த்தாள். "பல் டாக்டர் எதுக்குலே ஆகணும்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"மனுஷனுக்கு கண்ணு ரெண்டு. பல்லு முப்பத்திரண்டு. வியாபாரி மகன் எதுல இறங்குவான்?"

சிரிக்கல. "இத அங்க போய் சொல்லித் தொலைக்காத."

எடுத்து வைக்க: மார்க் லிஸ்ட், ஹால் டிக்கெட், குடை, அப்பா கைக்குட்டை, மானம் (இருந்தால்).

ஜூலை 10, செவ்வாய்

மழை. சாக்ஸ் நனைஞ்சு, காய்ஞ்சு, திரும்ப நனைஞ்சது. வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தா வேற யாரோ காலு மாதிரி இருந்துச்சு.

காலையிலேயே வரச் சொல்லிட்டு மத்தியானம் வரை வராந்தாவில் உட்கார வெச்சாங்க. நடுவுல ஆளுக்கு ஒரு சாக்பீஸ், ஒரு பிளேடு. போர்டில் வரைஞ்சிருக்கிற பல்லை அப்படியே செதுக்கணும். கை நடுங்குதான்னு பார்க்கவாம். நான் செதுக்கினது பல் மாதிரி இல்லை. மழையில் கரைஞ்ச பிள்ளையார் மாதிரி இருந்துச்சு.

பக்கத்து நாற்காலியில் ஒரு பொண்ணு. ஜெயராணி. விதுராவிலிருந்து முதல் பஸ் பிடிச்சு வந்திருக்கா. அவங்கப்பா பொன்முடி பக்கம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுறார். தமிழ் பேசினா, ஆனா முடிவுல ஒரு மலையாள "அல்லே" ஒட்டிக்கும். அவ செதுக்கின பல்லைப் பார்த்தேன். வேர் ரெண்டும் தனித்தனியா, நடுவுல குழி. கையில எடுத்தா வலிக்கும் போல இருந்துச்சு.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"சும்மா. ஸ்கூல்ல சாக்பீஸ் துண்டு கிடைச்சா செய்வேன். எனக்கு இது ஒழிய வேற ஒண்ணும் வேண்டா. கிட்டியில்லேன்னா நர்சிங்குனு அப்பா பறைஞ்சாச்சு."

உள்ளே மூணு பேர். ஒருத்தர் பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தார். ஒரு மேடம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நடுவுல பெரியவர். தட்டுல பழம்பொரி, அதான் நேந்திரம்பழ பஜ்ஜி. இனி அவர் பெயர் ப.பொ.

ப.பொ. கையில் புது மொபைல். என்னை உட்காரச் சொல்லல. ஒவ்வொரு ரிங்டோனா மேடத்துக்குப் போட்டுக் காட்டினார். "இது நல்லா? இல்ல மற்றதா?" மேஜை ஆடிச்சு. என் சாக்பீஸ் பல்லை எடுத்தார். பார்க்கத்தான் போறார்னு நினைச்சேன். குனிஞ்சு மேஜைக்கால் அடியில் சொருகிட்டார். ஆட்டம் நின்னுச்சு. என் பல் ஒண்ணாவது உருப்படியா வேலை செஞ்சது.

"பேரென்ன? ஓ, தமிழன். அச்சன் என்ன கச்சவடம்?"

"வெல்லம் சார். மொத்த வியாபாரம்."

பேப்பர் சாரைத் தட்டிக் கூப்பிட்டார். "கேட்டோ? அச்சன் பல்லு கேடாக்கும், மோன் பல்லு பறிக்கும். ஃபேமிலி பிசினஸ்!" பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.

பிசிக்ஸ் இல்ல, பயாலஜி இல்ல, ஒரு கேள்வி இல்ல. பழம்பொரி எண்ணெய் விரலோட எந்திரிச்சு வந்து, "வாய் தொறக்கெடா, நோக்கட்டே" என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி.

நான் விடுவேனா. "முதல்ல கை கழுவிட்டு வாங்க சார், அப்புறம் திறக்கிறேன்" என்றேன். மேடம் ஜன்னலை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. ப.பொ. அசந்துபோய்ச் சிரிச்சுட்டார். "மிடுக்கன்!" என்றார், கெட்டிக்காரனாம். போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் வராந்தா முழுக்க சுத்தி நின்னுச்சு. சொன்னேன். கை தட்டினாங்க. ஜெயராணி மட்டும் கை தட்டல. கிட்ட வந்து, "நிஜமா? அவரு தேஷ்யப்படலியா?" என்று கேட்டா.

"எதுக்குக் கோபப்படணும்? தைரியம் இருக்கான்னு பார்க்கத்தான் அப்படிச் செய்யுறாங்க. டாக்டருக்கு சுத்தம்தானே முக்கியம்? அதான் உண்மையான கேள்வி."

தலையாட்டினா. அவ நம்பரைக் கூப்பிட்டாங்க. எனக்கு பஸ். ஓடிட்டேன்.

அப்பா: "எப்படிலே?" நான்: "நல்லா போச்சுப்பா." வெல்லம் பத்தின பேச்சைச் சொல்லல.

ஜூலை 11, புதன்

விட்டு விட்டு மழை. பகலெல்லாம் தூக்கம்.

சாயங்காலம் பிஜு வந்தான், என் கூடப் படிச்சவன். சாயாக்கடையில் வெச்சு சொன்னேன். "எடா, நீ புலிடா!" சாயாக்கடைச் சேட்டனையும் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னான். இந்த முறை ப.பொ. எந்திரிச்சுப் போய் நிஜமாவே கை கழுவிட்டு வந்தார். சோப்பு போட்டு.

ராத்திரி அக்காகிட்ட. இந்த முறை மேடம் கை கொடுத்தாங்க.

ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஜோக்கெல்லாம் மூட்டை தூக்குற மாதிரி ஆயிடுச்சு. இறக்கி வெச்சாலும் தோள்ல அந்த அழுத்தம் இருக்கு.

ஜூலை 12, வியாழன்

மூட்டைகளில் ஈரம். கீழ் வரிசை கசியுது. அப்பா முகமும். நாள் பூரா பலகை வெச்சு மூட்டை மாத்தினோம். வேற ஒண்ணுமில்ல.

பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்கிறதில்லை, ரெண்டு நாளா.

ஜூலை 14, சனி

தூறல். லிஸ்ட் போட்டாச்சு.

என் பேர் இருக்கு!! கடைசிக்கு முந்தினது. ஆனா இருக்கு. குதிக்கணும்னு நினைச்சேன். ஈரத் தரை, வேண்டாம்னு விட்டேன்.

ஜெயராணி பேரைத் தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்ல. என்னைவிட நல்ல ரேங்க். அந்த மாதிரி பல் செதுக்கின கை.

போர்டு பக்கத்துல ஒரு பியூன், குடை ரிப்பேர் பண்ணிக்கிட்டே இன்னொரு பியூன்கிட்ட: "சாரினோடு கை கழுவான் பறஞ்ஞ பெண்குட்டி இல்லே? எந்தொரு களேபரம்! சாரு எழுந்நேற்று கதவைக் கைசூண்டிக் காட்டிச்சு, கெட் அவுட்டுன்னு. பாவம், சர்ட்டிபிகேட் எடுக்காதெ ஓடி. பின்னெ ஞான்தான் கொண்டு கொடுத்தது."

ரெண்டாம் ஆள் சிரிச்சான்.

வீட்டில் பாயசம். நம்ம கடை வெல்லம். ரெண்டு தம்ளர் குடிச்சேன்.

ஜூலை 15, ஞாயிறு

கடை லீவு. மழை. அப்பா தெருவெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்துட்டார். எதிர்வீட்டு மாமா வந்து ஆட்டம் காணுற கடைவாய்ப் பல்லைக் காட்டினார். இன்னும் சேரவே இல்ல மாமா.

பிஜு போன்: "எடா புலி." வெச்சுட்டேன்.

ஜூலை 16, திங்கள்

கடையில் இருந்தேன். மத்தியானத்துக்கு முன்னால வாசலில் சேறு அப்பின ஜீப். ஜெயராணியும் அவங்கப்பாவும். ஆரியசாலை வெல்லக்கடைன்னு வராந்தாவில் நான்தான் பெருமையா சொல்லியிருந்தேன். ஒவ்வொரு கடையா விசாரிச்சுட்டு வந்திருக்காங்க.

அப்பா, "வாங்க அண்ணாச்சி, எவ்வளவு வேணும்?" என்றார்.

"வெல்லத்துக்கு வரல அண்ணாச்சி. தம்பியப் பாக்க வந்தோம்."

அவ அழல. அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும். நேரா கேட்டா: "நீங்களும் அதத்தானே சொன்னீங்க? உங்களுக்குச் சிரிச்சாங்க. என்னை எறங்கிப் போன்னாங்க. நான் எப்படிச் சொல்லியிருக்கணும்? சிரிச்சுட்டு சொல்லணுமா?"

அவங்கப்பா, "இவ கொஞ்சம் வெடுக்குன்னு பேசுவா தம்பி. அதுல வந்த குறைதான்" என்றார். "சத்தத்தைக் கொறச்சுப் பேசுன்னு சின்னதுல இருந்தே சொல்லுதேன்."

"நான் மெதுவாத்தான் சொன்னேம்ப்பா." கைக்குட்டையை மேஜையில் வெச்சா. உள்ளே அந்த சாக்பீஸ் பல். ஒரு வேர் ஒடிஞ்சிருந்தது. "இதை அவரு பாக்கவே இல்ல. அதுக்கு முன்னேயே வாயைத் தொறன்னார். நீங்க சொன்னது ஓர்மை வந்துச்சு. சொன்னேன்."

நாளைக்கு பிரின்சிபாலைப் பார்க்கப் போறாங்களாம். அதே வார்த்தையைச் சொன்ன பையனுக்கு சீட், பொண்ணுக்கு இல்லையான்னு கேட்கணுமாம். நான் கூட வந்து, ஆமா நானும் சொன்னேன்னு சொன்னா போதுமாம்.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு இந்தக் கதையே தெரியாது. "என்னலே சொன்ன அங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

ஜெயராணிக்குப் புரியல. திரும்பச் சொன்னேன். நான் ஒண்ணுமே சொல்லல. கை கழுவச் சொன்னது வெளியே வந்த பிறகு தோணினது. தோணினதை நடந்ததா சொல்லிட்டேன்.

ஒரு ஈ வந்து சாக்பீஸ் பல் மேல உட்கார்ந்துச்சு. அவ ஓட்டினா.

"அப்போ அதச் சொன்னது நான் மாத்திரமா?"

திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. நிமிர்ந்து உட்கார்ந்தா. ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் கோபம் வந்துச்சு. "சரி. சொல்லலேன்னா நடந்ததையாவது வந்து சொல்லுவீங்களா?"

நடந்தது என்னன்னு அப்பாவும் கேட்டார். அதனால வெல்லம் பத்தின பேச்சையும் சொல்ல வேண்டியதாச்சு. அப்பா சிரிக்கல, கோபப்படல. கல்லாப்பெட்டி மேல இருந்த துண்டை எடுத்து மடிச்சார். திரும்ப மடிச்சார்.

நாளைக்குக் காலையில ஜீப் வரும். அவங்களோட பிரின்சிபால் ரூமுக்குப் போறேன். சீட்டு போனாலும் போகட்டும்னு துணிஞ்சு சொல்லிட்டேன், வர்றேன்னு.

பாரு, திரும்ப ஆரம்பிச்சுட்டேன். யாரும் படிக்காத நோட்டுலயே.

செவ்வாய்க்கிழமை எழுதினதும் பொய். கோடு போட்டு அடிக்கல, அப்படியே கிடக்கட்டும். நடந்தது: வாயைத் தொறன்னார், திறந்தேன். விரல் வெச்சுப் பார்க்கக்கூட இல்ல. கடிச்சுக்கிட்டிருந்த பேனா மூடியால் என் உதட்டைத் தூக்கி, பேப்பர் சாரைக் கூப்பிட்டு, கீழ் வரிசை கோணல்னு காட்டினார். போதும்னு அவர் சொல்ற வரை திறந்தே வெச்சிருந்தேன். "தேங்க் யூ சார்" என்றேன். வெளியே வரும்போது கதவைச் சத்தமில்லாம சாத்தினேன்.

இன்னிக்கு "வருவான் தாயி"ன்னு ஜெயராணிகிட்ட சொன்னது அப்பா. நான் தராசுத் தட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்.