குருத்தோலைக்குப் பின்னால் இரண்டு அட்டை

மதினி,

சாம்பல் புதன் வருகிறது. சாம்பலுக்காக எரிக்கப் போன வருடக் குருத்தோலையைக் கோவிலில் கொடுக்க வேண்டுமே என்று திரு இருதயப் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். காய்ந்த ஓலையோடு இரண்டு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்காதவை. நான் அவற்றை அங்கே வைத்ததைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்.

மகளின் கோபத்துக்குத் தேனி டாக்டர் கொடுத்த மாத்திரை அது. பதினாலு வயதுப் பிள்ளை. கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும், அடங்கியபின் அழுவாள். மாத்திரை தொடங்கியபின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகாரும் இல்லை. பொடித்துப் பாலில் கலந்து எத்தனை மணிக்குக் கொடுத்தேன், எப்படித் தூங்கினாள், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளையும் அகராதி வைத்து வாசித்தவள் நான். திடீரென நிறுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

வாசித்தும் போன தவக்காலத்தில் நிறுத்தினேன். ஊரே தவக்காலத்துக்குக் கறி விட்டது. நான் மாத்திரையை விட்டேன்; அவளுக்குத் தெரியாமல் வெறும் பாலைக் கொடுத்தேன். நாற்பது நாள் ஜெபத்தில் குணமாகிவிடும் என்று நம்பினேன். வீட்டுக்காரர் திட்டுவாரே என்று நோட்டில் மட்டும் தினமும் டிக் போட்டேன்.

"சாமிக்கு எதுக்கு ஆத்தா மாத்திரை? அவருக்கா கோவம் வருது?" என்று, நான் அட்டையை ஒளிப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல், "எடுத்துக் குடுத்துரு" என்றீர்கள்.

இருபதாம் நாள், "போனை வச்சுட்டுச் சாப்பிடுத்தா" என்று நீங்கள் சொன்னதற்கு உங்களைத் தள்ளிவிட்டாள். வாசல்படியில் விழுந்து உங்கள் மணிக்கட்டு முறிந்தது.

தேனி டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "விடாம குடுத்தும் இப்படின்னா டோஸ் பத்தலம்மா." ஏற்றி எழுதினார். மாவுக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தீர்கள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"நீ எழுதுனதப் பாத்துத்தான அவுக ஏத்துனாக. உள்ள போயி மாத்திச் சொல்லு. பிள்ளை மேல போடாத" என்றீர்கள், வெளியே வந்ததும்.

"அடுத்த தடவை சொல்றேன் மதினி" என்றேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். நீங்களாவது சொல்லியிருக்கலாம். "பெத்தவ நீதான் சொல்லணும்" என்று பிடிவாதமாக இருந்தீர்கள். ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

ஏற்றிய மாத்திரையில் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தாள். உடம்பு பருத்துக்கொண்டே போக, சீருடையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். உங்கள் அடக்கத்தன்று கிட்டே வராமல் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

இன்று அந்த அட்டைகளை டாக்டரின் மேசையில் வைத்து, இருபது நாள் கொடுக்காததைச் சொன்னேன். பேனாவைக் கீழே போட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். இனி மெதுவாத்தான் குறைக்கணும்."

பக்கத்தில் இருந்த மகள் என்னைப் பார்த்தாள். "அப்ப அத்தையத் தள்ளுனன்னைக்கு நான் மாத்திரை சாப்பிடலையா?"

"இல்ல. நான் குடுக்கல."

திரும்பி வரும்போது பஸ் சின்னமனூரைத் தாண்டியது. சன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "இத்தன நாளும் என்னைப் பேய்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்மா." கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓலையைக் கோவிலில் கொடுத்துவிட்டேன். நோட்டில் அந்த இருபது டிக்கையும் கோடிட்டு அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கொடுக்கவில்லை' என்று எழுதினேன். புதன்கிழமை சாம்பல் வாங்க அவள் என்னோடு வருவாளா, தெரியவில்லை. "பிள்ளை மேல போடாத" என்றீர்களே மதினி, அதை எந்தத் தேதிக்கு நேரே எழுதுவது? எழுதாமல் என் மேலேயே வைத்திருக்கிறேன்.