முதல் வாயைத் துப்பிவிட்டேன்

அந்தப் போத்தல் தக்கையின் வாசம் இன்னும் என் விரலில் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நனைந்து காய்ந்த பழைய தேயிலைப் பெட்டியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசம்.

நேற்று மத்தியானம் உன் மகள் பெல்மதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். நீ போய் மூன்று மாதமாகிறது. சாவுக்கும் நான் வரவில்லை. பழைய செய்தித்தாள் சுற்றிய போத்தலையும், தக்கையைத் திருகி எடுக்கும் உன் கம்பியையும் மேசையில் வைத்தாள்.

"மாமா, இத வேற யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. கட்டிலுக்கு அடியில படுக்கப் போட்டே வச்சிருந்தாரு. கூட்டும்போதுகூட அசைக்க விடமாட்டாரு."

அந்தப் பொட்டலத்தை எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் நீ அதைத் தூக்கிக்கொண்டு என் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தாய்.

அதற்கு முதல் நாள் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஒரு விருந்தாளி. ஸ்பெயின்காரர், வைன் ஆக்குவது அவருடைய தொழில். நம் தோட்டத்துத் தேயிலையைக் குடித்துவிட்டு, இதைப் பக்குவம் பார்த்தது யார் என்று கேட்டாராம். துரை உன்னைப் பார்த்தார். பங்களா அப்புவாக இருபது வருடம் சமைத்துப் பரிமாறிய நீ, பக்கத்தில் நின்ற, தேயிலை ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் பெயரைச் சொன்னாய். அன்று மாலையே எனக்குச் செய்தி வந்துவிட்டது.

புளிக்கப் போட்ட இலை எந்த நிமிடத்தில் அடுப்புக்குப் போகவேண்டும் என்று மூக்கை வைத்துச் சொன்னவன் நான். எவரும் சொல்லித் தரவில்லை. தினம் தினம் ஊற்றி, உறிஞ்சி, துப்பி, நானே படித்தது. தோட்டத்துப் பதிவில் மட்டும் கடைசிவரை கூலியாள். இது உனக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது.

"டேய், அந்த வெள்ளக்காரரு குடுத்தது, இதப் பிரிச்சாவது பாருடா," என்றாய்.

நான் கையை நீட்டவில்லை. யார் பேரைச் சொன்னாயோ அவருக்கே கொண்டுபோய்க் கொடு என்றேன்.

"பத்து வருசம் வச்சுக் குடிச்சாத்தான் நல்லாருக்குமாம். அதுக்குள்ள ஒன் கோவமும் எறங்கிரும்," என்று சிரித்துவிட்டுப் போனாய். இறங்கவில்லை. கோயில் திருவிழாவில் எதிரே வந்தபோதும் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்றுதான் பிரித்தேன். போத்தலில் ஒட்டிய தாளில் மூன்று வகைத் திராட்சை கலந்தது என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிக் கற்ற என் இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிந்தது. அதன் கீழே பேனா மையில், கையெழுத்தில், என் பெயர். ஓர் எழுத்துப் பிழை. ஸ்பெயின்காரர் காதால் கேட்டு எழுதிய பெயர்.

உன் மகளைப் பார்த்தேன். "ஆமா மாமா. மேசையில சொல்ல முடியாதத குசினியில அடுப்புக்கிட்ட வச்சு அந்த ஆளுகிட்ட சொல்லிட்டேன்னு அப்பா சொல்லுவாரு. ஒங்ககிட்டயும் சொல்லியிருக்கலாம். நீங்களே பிரிச்சுப் பாக்கணும்னு அவருக்கும் ஒரு வீம்பு."

தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கோப்பையில் ஊற்றினேன். நாவல்பழக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். கரண்டியால் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரப்பி, முற்றத்தில் துப்பிவிட்டேன். நாற்பது வருடப் பழக்கம். நீ இத்தனை காலம் காத்துவைத்ததன் முதல் வாய் மண்ணில் கிடந்தது.

"என்ன மாமா, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

இரண்டாவது வாயை விழுங்கினேன். முதலில் பழம், பிறகு மரம், கடைசியில் புகையிலைக் கட்டின் வாசம். நல்ல தேயிலைக்கு உள்ள அதே பிடிப்பு நாக்கில் நின்றது, ஆனால் கடிக்கவில்லை. புதிதில் கடித்திருக்கும். அந்தக் கடிப்பு அடங்கத்தான் ஸ்பெயின்காரர் பத்து வருடம் கேட்டிருக்கிறார். வைனுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போதும் சொல்கிறேன், நீ அதை மேசையில்தான் சொல்லியிருக்க வேண்டும். துரை கேட்க, டீமேக்கர் கேட்க. குசினியில் சொன்னது எனக்குப் போதாது. அதில் நான் இறங்கிவரப் போவதில்லை. ஆனால் நீ வாசலில் நின்றபோது அந்தத் தாளைப் பிரிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மிச்சத்தைத் தக்கை போட்டு, நீ வைத்தபடியே கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டிருக்கிறேன். திறந்த பிறகு அது புளித்துப்போகும். எப்போது புளிக்கும் என்று மூக்காலேயே சொல்லத் தெரிந்தவன் நான். இருந்தும் தனியாகக் குடித்து முடிக்க மனம் வரவில்லை.